குரலக்காவின் ஏழாம் அத்தியாயம்

பேசும் நூலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குரலக்காவின் தலையில் வந்து விழுந்ததற்கு ஒரே காரணம், அன்றைய கூட்டத்தில் அவள் தும்மியதுதான்.

"கணினித் தம்பி வேலையை விட்டுப் போறான். புது ஆள் வர்ற வரைக்கும் சர்வரை யார் பாத்துக்கறீங்க?" என்று நிர்வாகி கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மின்விசிறி மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து குரலக்காவுக்குத் தும்மல் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் நிர்வாகி.

பேசும் நூலகம் என்பது பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து வைத்திருக்கும் இடம். மாடியில் பஞ்சு வைத்து அடைத்த பதிவறை. கீழே கேட்கும் அறை. அங்கே எட்டு மேசைகள், மேசைக்கு ஒரு சின்னப் பெட்டி, ஒரு விசைப்பலகை, ஒரு காதொலிப்பான். திரை கிடையாது, அதற்கு அங்கே வேலையும் இல்லை. குரலக்கா அங்கே பத்தொன்பது வருடமாக வாசிக்கிறாள். வந்த முதல் வாரமே யாரோ ஒருவர் அவளைக் 'குரலக்கா' என்று கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கணினித் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். நூலகத்தை விட்டுப் போகும்போது தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். புதியவர்களுக்கான லினக்ஸ் நிர்வாகக் கையேடு. அறுநூற்று நாற்பது பக்கம், இருபத்திரண்டு அத்தியாயம்.

"ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணுங்கக்கா."

"புத்தகம் இருக்கே தம்பி, எனக்கு என்ன சந்தேகம் வரப்போகுது?" என்றாள் குரலக்கா. அச்சடித்த எதையும் நம்பும் நல்ல உள்ளம் அவளுடையது.

முதல் அத்தியாயத்தை அவள் திருமணத்துக்குப் போகிறவள் மாதிரி தயாராகி வந்து திறந்தாள். முன்மேசைக் கணினியில் ஒரு கறுப்புச் சன்னல். அதில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சன்னல் வழியாகவே, பின்கட்டில் அலமாரிக்குள் இருக்கும் சர்வரோடு பேசலாமாம். புத்தகம் 'ஹூ ஆம் ஐ' என்று சேர்த்துத் தட்டச் சொன்னது. நான் யார்? தட்டினாள். மறுகணமே பதில் வந்து நின்றது: வாசகர் இரண்டு.

குரலக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். எத்தனையோ பெரியவர்கள் காட்டிலும் மலையிலும் உட்கார்ந்து ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்வி. இந்தப் பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டது. அதுவும் எவ்வளவு அடக்கமான பதில்! இரண்டாவது வாசகர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் மனதுக்குள் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

அடுத்து, சர்வர் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று கேட்கும் கட்டளை. நானூற்றுப் பன்னிரண்டு நாள் என்றது அது.

"சார்! நம்ம சர்வர் நானூத்திப் பன்னண்டு நாளா ஒரு நாள்கூட லீவு எடுக்கல சார்!"

"மெதுவாச் சொல்லும்மா" என்றார் நிர்வாகி. "மத்தவங்க காதுல விழப்போகுது. ஒப்பிட்டுப் பாக்க ஆரம்பிச்சா எனக்குத்தான் சங்கடம்."

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் பின்கட்டுக்குப் போய் அலமாரிக் கதவைத் தொட்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் 'சூடோ' வந்தது. சாதாரண ஆளாக இருப்பவரை அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் முதலாளியாக ஆக்கிவிடும் சொல். அதை முதல்முறை தட்டியபோது சர்வர் உடனே வேலையைச் செய்யவில்லை. மற்றவர்களின் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும், தட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டு, அப்புறம்தான் கடவுச்சொல் கேட்டது. குரலக்காவுக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்தில் ஒரு இயந்திரம் இப்படியெல்லாம் நல்ல வார்த்தை பேசுமா! கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று பயந்து, புத்தகத்தைப் புரட்டினாள். 'கவலை வேண்டாம், அப்படித்தான் இருக்கும்' என்று போட்டிருந்தது. தர்மம் செய்கிறவன் கைபோலச் சத்தமில்லாமல் வேலையைச் செய்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாம் அத்தியாயம் வீடு வரைக்கும் வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று உரிமைகள் உண்டு: படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். யாருக்கு எது என்று சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தீர்மானிக்கலாம். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குளிர்பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார்.

"அந்த டப்பாவுல உங்களுக்குப் படிக்கிற உரிமை மட்டும்தான்" என்றாள் குரலக்கா.

"அப்படின்னா?"

"பாக்கலாம். எடுக்கக் கூடாது."

அவர் மூடிவிட்டு நிமிர்ந்தார். "சரி, இந்த வீட்ல எனக்கு எதுலதான் மூணு உரிமையும் இருக்கு?"

குரலக்கா நேர்மையாக யோசித்தாள். "குப்பைக்கூடை."

"அதை எடுத்துட்டுப் போய்க் கொட்டுன்னு நேராவே சொல்லியிருக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டே அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். படிக்கட்டு முழுக்க அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்படி மூன்று வாரம். ஆறு அத்தியாயம். ஒரு தவறுகூட இல்லை. தரை அவள் காலுக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளியே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவறையில் ஒரு சட்டம் உண்டு. வாசிப்பவர் ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கக் கூடாது. பதிவை முடித்ததும் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரும்பக் கேட்க வேண்டும். பதிவில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்று இருந்தால் புத்தகமே சரி. உடனே பதிவைத் திருத்த வேண்டும். இதற்கு மேல்முறையீடு கிடையாது. பத்தொன்பது வருடத்தில் குரலக்காவின் ரத்தத்தில் ஊறிப்போன சட்டம் அது.

சட்டம் என்றதும் சட்டக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் பிறவியிலேயே பார்வையில்லாதவள். வழக்கறிஞர் தேர்வுக்குப் படிக்கிறாள். வாயைத் திறந்தால் பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை என்றுதான் வரும். ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தவறிவிட்டாள். அந்தத் தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. மூன்றாவது, கடைசி முறை, வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. பாடப்புத்தகத்தின் புதுப் பதிப்பில் நாலு பாடம் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். குரலக்கா தொண்டை கட்டிய பிறகும் விடாமல் வாசித்து, வெள்ளிக்கிழமை மாலைதான் அதை முடித்து சர்வரில் ஏற்றினாள். பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தப்படி அந்தப் பதிவு நூலகக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஞாயிறு விடுமுறை. ஆக, சட்டக்காரிக்கு இருந்தது சனிக்கிழமை ஒரே நாள்தான், ஒன்பதிலிருந்து ஐந்து வரை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே குரலக்கா வந்துவிட்டாள். ஒன்பது மணிக்குள் ஒரு அத்தியாயத்தை முடித்துவிடலாம் என்று ஆசை. ஏழாம் அத்தியாயம்: வலையமைப்பு. சர்வருக்கு ஒரு முகவரி உண்டு, எண்களால் ஆனது. அந்த எண்ணை வைத்துத்தான் மற்றக் கணினிகள் அதைத் தேடி வருகின்றன. தெருவில் கதவு எண் மாதிரி. புத்தகம் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னது. திறந்தாள். அதில் ஒரு முகவரி இருந்தது. புத்தகத்தில் அச்சடித்திருந்த முகவரி வேறாக இருந்தது.

குரலக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆமாம், வேறுதான்.

'அடப் பாவமே, கணினித் தம்பி தப்பாப் போட்டு வச்சிருக்கான்' என்று நினைத்தாள். அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சின்ன வயசு, கல்யாணக் கவலை வேறு. யாருக்கும் சொல்லாமல் நாமே திருத்திவிடலாம். இருந்த எண்ணை அழித்தாள். புத்தகத்தில் உள்ளதை ஒவ்வொரு எண்ணாக, ஒவ்வொரு புள்ளியாக, வாய்விட்டு வாசித்துக்கொண்டே தட்டினாள். சேமித்தாள். புத்தகம் சொன்ன கட்டளையைக் கொடுத்தாள்.

கறுப்புச் சன்னலில் அந்தக் கோடு கண் சிமிட்டுவதை நிறுத்தியது.

அவள் காத்திருந்தாள். ஒரு எழுத்துத் தட்டினாள். விழவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினாள். மறுபக்கம் மேலேயே, கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'மேலே காட்டிய எண் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் சர்வரின் எண்ணை ஒருபோதும் அப்படி மாற்றிவிடாதீர்கள்.'

"கடவுளே" என்றாள் குரலக்கா. அது வேண்டுதலா, வசவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பழைய எண் என்ன? மூளையைக் கசக்கினாள். அதைத் தவறு என்று நினைத்து அழித்தவள், அதை எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறாள்? மாற்றும் முன் கோப்பை நகல் எடுத்து வைப்பது எப்படி என்று புத்தகம் பதினோராம் அத்தியாயத்தில்தான் சொல்கிறது. கணினித் தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அவன் விமானம் ஏறும் நாள் இன்று. இந்நேரம் மேகத்துக்கு மேலே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பான்.

ஒன்பதுக்குச் சரியாக வாசலில் தடியின் தட்டல் கேட்டது.

"குரலக்கா! சாமியெல்லாம் கும்பிட்டுட்டு வந்தாச்சு. நாலு பாடமும் ரெடியா?" சட்டக்காரியின் குரலில் புதுச் செருப்புப் போட்ட பிள்ளையின் உற்சாகம்.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். குரலக்காவின் வாயோ தானாக இன்னொன்றைச் சொல்லிவிட்டது. "சின்ன வேலை ஒண்ணு ஓடுதும்மா. கொஞ்ச நேரம். நீ போய் உக்காரு."

"சரிக்கா. அதுவரைக்கும் பழைய பாடத்தை மனசுல ஓட்டிட்டு இருக்கேன்."

நல்ல மனிதர்கள் பொய் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான். அடுத்தவர் முகம் வாடக் கூடாதே என்று ஆரம்பிப்பார்கள், முடிவில் தன் முகத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். குரலக்கா அதை அப்போது உணரவில்லை.

நிர்வாகியிடம் சொல்வது அதைவிட எளிதாக இருந்தது. நேராகப் போய் நின்றாள். "சார், சர்வரோட முகவரியை நான் மாத்தித் தொலைச்சுட்டேன். கேட்கும் அறைக்கும் அதுக்கும் இப்போ தொடர்பு இல்ல. என் தப்புதான், முழுசா என் தப்பு."

நிர்வாகி பேனாவை மூடி வைத்தார். கோபம் வரும் என்று அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் அவர். "ஆனா எதையாவது தூக்கணும், பிடிக்கணும்னா சொல்லு."

தூக்கவும் பிடிக்கவும் வேண்டித்தான் இருந்தது. வலையமைப்பு வழியாக சர்வருக்குள் போக முடியாது. அதன் உடம்பிலேயே திரையையும் விசைப்பலகையையும் செருகினால்தான் பேச முடியும் என்று புத்தகம் சொன்னது. முன்மேசைத் திரையைக் கழற்றிப் பின்கட்டுக்கு எடுத்துப் போனார்கள். அலமாரிக்குள் அதை வைக்க இடமில்லை. வெளியே ஒரு நாற்காலி போட்டு வைக்கலாம் என்றால் கம்பி எட்டவில்லை. கடைசியில் நிர்வாகி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, திரையைத் தன் தொந்திமேல் நிறுத்தி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளிமேல் குரலக்கா, மடியில் விசைப்பலகை.

"சார், கொஞ்சம் இடது பக்கம்."

"என்னோட இடதா, உன்னோட இடதா?"

"சர்வரோட இடது சார். மூச்சு விடாதீங்க, எழுத்து ஏறி இறங்குது."

"எவ்வளவு நேரம்மா விடாம இருக்கிறது?"

திரை விழித்தது. உள்ளே நுழைந்தாள், சூடோ போட்டாள், அந்தக் கோப்பைத் திறந்தாள். புத்தகத்தின் எண் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவளே ஏற்றி வைத்தது, ஒரு பிழை இல்லாமல். அதை அழித்துவிட்டு எதைப் போடுவது?

"ஒண்ணுல ஆரம்பிச்ச மாதிரி ஞாபகம்" என்றாள்.

"ஒண்ணுல ஆரம்பிக்கற எண்ணு எத்தனை இருக்கும்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார் நிர்வாகி.

"கோடிக்கணக்குல இருக்கும் சார்."

"அப்போ நான் கால் மாத்தி நின்னுக்கறேன்."

பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஏதாவது சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று தேடினார்கள். ஒரு சீட்டு இருந்தது. 'கதவை மெதுவாக மூடவும்' என்று எழுதியிருந்தது. நினைவில் வந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். வீட்டு எண், பேருந்துத் தடம் எண், கல்யாண நாள். ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய்க் கேட்கும் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சட்டக்காரி காலடி கேட்டுத் தலையைத் திருப்பி, "ஆச்சா அக்கா?" என்றாள். "இதோம்மா" என்று சொல்லிவிட்டு இவள் திரும்ப ஓடினாள். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது.

ஒரு மணிக்கு நிர்வாகி திரையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு குவளைத் தேநீரை அவள் கையில் திணித்தார். "குடிச்சுட்டு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடும்மா. காத்துக்கிட்டே உக்காந்திருக்கா. அவளுக்கும் தெரியணும்ல?"

குவளையை அப்படியே கீழே வைத்தாள். குரலக்கா கேட்கும் அறைக்குப் போனாள். சட்டக்காரி உதட்டை மட்டும் அசைத்துப் பழைய பாடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் மேசையில் பிரிவு எண்களைத் தட்டிக்கொண்டிருந்தது. குரலக்கா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா. சின்ன வேலை இல்ல. சர்வரை நானே கெடுத்துட்டேன். அதோட முகவரியை அழிச்சுட்டேன், பழைய எண் ஞாபகம் இல்ல. உன்னோட நாலு பாடமும் அதுக்குள்ள மாட்டிக்கிடக்கு. காலையிலயே சொல்லியிருந்தா நீ வேற வழியாவது தேடியிருப்ப." குரல் உடைந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு பதிவில்கூட உடையாத குரல்.

சட்டக்காரி கையை நீட்டித் துழாவி, குரலக்காவின் தலையைக் கண்டுபிடித்து, அதன்மேல் கையை வைத்தாள்.

"அக்கா, எந்த முகவரி? இந்தப் பெட்டி காலையில போட்டதும் சொல்லுமே, அதுவா?"

"பெட்டி என்ன சொல்லும்?"

"தினமும் சொல்லும்க்கா! காதொலிப்பான மாட்டினா முதல்ல அதைத்தான் சொல்லும். 'பத்து புள்ளி பூஜ்யம் புள்ளி நாலு புள்ளி ஏழுடன் இணைகிறேன்.' ரெண்டு வருஷமா அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்துலகூட வரும். இன்னிக்கு மட்டும் 'பத்து புள்ளி பூஜ்யம் புள்ளி நாலு புள்ளி ஏழைக் காணவில்லை, காணவில்லை'ன்னு காலையிலேர்ந்து புலம்பிக்கிட்டே இருக்கு. நீங்க ஏதோ வேலை ஓடுதுன்னீங்களேன்னு நானும் விட்டுட்டேன்."

குரலக்காவுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எட்டு மேசையிலும் எட்டுப் பெட்டிகள், காலையிலிருந்து, அவள் கேட்ட கேள்விக்குப் பதிலைக் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. கண் உள்ளவர்கள் இரண்டு பேர் கட்டடம் முழுக்கத் தேடிவிட்டார்கள். காதொலிப்பானை எடுத்து மாட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சார்!" அவள் போட்ட சத்தத்தில் பின்கட்டில் வாளி உருண்டது. "தூக்குங்க சார் திரையை!"

சட்டக்காரியும் தடியை விட்டுவிட்டு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். நிர்வாகி மூச்சை இழுத்துப் பிடித்துத் திரையை அணைத்துக்கொண்டார். பத்து. புள்ளி. பூஜ்யம். புள்ளி. குரலக்கா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்ட, சட்டக்காரி ஒவ்வொன்றுக்கும் நீதிபதி மாதிரி "சரி" என்றாள். இந்த முறை குரலக்கா கட்டளையைக் கொடுக்கும் முன் அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். அதற்கடுத்த பக்கத்தையும் வாசித்தாள். அங்கே வேறொரு கட்டளை இருந்தது. மாற்றத்தை வெறும் ஒத்திகையாகச் செய்து காட்டும். நூற்றிருபது வினாடிக்குள் நாம் சம்மதம் சொல்லாவிட்டால் பழையபடியே திரும்பிப் போய்விடும்.

"இவ்வளவு இரக்கமுள்ள கட்டளையை மறுபக்கத்துல ஒளிச்சு வச்சிருக்காங்களே!" என்றாள்.

"ஒளிக்கலம்மா, நீ திருப்பல" என்றார் நிர்வாகி, திரைக்குப் பின்னாலிருந்து.

தட்டினாள். நூற்றிருபது, நூற்றுப் பத்தொன்பது என்று எண் இறங்க ஆரம்பித்தது. கேட்கும் அறையில் ஒன்றுமில்லை. நூற்றுப் பத்து. நூறு. குரலக்காவின் உதடு கடவுள் பெயரை முணுமுணுத்தது. தொண்ணூற்று நாலில் சட்டக்காரி திடீரென்று விரலைத் தூக்கினாள்.

"கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"காதொலிப்பான்ல முனகுது. முதல் மேசை... மூணாவது... ஐயோ, எல்லாமே! இணைந்தது இணைந்தது இணைந்ததுன்னு தவளை மாதிரி கத்துதுங்க. சம்மதம் சொல்லுங்கக்கா, சம்மதம் சொல்லுங்க!"

குரலக்கா என்டர் விசையைக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் மாதிரி ஓங்கி அடித்தாள். நிர்வாகி திரையோடு ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பி பிடுங்கிக்கொண்டது. யாரும் கவலைப்படவில்லை. மூவரும் பின்கட்டில் நின்று, யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் குதித்தார்கள். அடுத்த கட்டடத்துக்காரர் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

குதித்து முடித்ததும் குரலக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பது.

அவள் முகம் விழுந்தது. நாலு பாடம் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் வாசித்தது. ஏழு மணி நேரம் பத்து நிமிடம். ஐந்துக்கு மூட வேண்டும். பாதிகூட ஆகாது.

"நான் இருக்கேம்மா" என்றார் நிர்வாகி உடனே. "ஒன்பது மணி ஆனாலும் சரி, தொறந்து வச்சிருக்கேன். வீட்டுக்குச் சொல்லிடறேன்."

"நானும் இருக்கேன்" என்றாள் குரலக்கா. "உன்னை வீட்ல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் போவேன்."

"எதுக்கு?" என்றாள் சட்டக்காரி, உண்மையாகவே புரியாமல். "நாலு மணிக்கு முடிச்சுடுவேனே. கஷ்டமான பாடத்தை ரெண்டாந்தடவைகூடக் கேக்கலாம்."

"ஏழு மணி நேரம்மா!"

"அது நீங்க படிக்க எடுத்துக்கிட்ட நேரம். நான் உங்களை மூணு மடங்கு வேகத்துலதான் ஓட்டுவேன்."

குரலக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டக்காரி மேசையில் போய் உட்கார்ந்து இரண்டு விசையைத் தட்டி, காதொலிப்பானின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தாள். உள்ளே யாரோ ஒரு அணில், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடிவந்து சட்டம் பேசுகிற மாதிரி, கீச்சுகீச்சென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு?"

"நீங்கதான்."

பத்தொன்பது வருடம்! ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு கணம், முற்றுப்புள்ளிக்கு இரண்டு கணம் என்று நிறுத்தி நிதானமாக, கோவில் மணி அடிக்கிற மாதிரி அவள் வாசித்ததெல்லாம் இந்த அணிலுக்காகத்தானா? "எல்லாரும் இப்படியா கேக்கறாங்க?"

"எல்லாரும்தான். உங்க வேகத்துல கேட்டா எங்களுக்குத் தூக்கம் வந்துடும்." பிறகு அவள் அவசரமாகச் சேர்த்தாள், "ஆனா ஒண்ணுக்கா. மத்தவங்க படிச்சதை ரெண்டுக்கு மேல ஓட்டினா கூழாயிடும். ஒரு சொல்லு புரியாது. உங்களோடது மட்டும்தான் மூணுலயும் தெளிவாக் கேக்கும். நீங்க நிறுத்தற இடத்துல எல்லாம் ஒரு குட்டியூண்டு இடைவெளி இருக்கும் பாருங்க, அதைப் பிடிச்சுக்கிட்டே ஓடிடுவேன். நீங்க அவ்வளவு மெதுவாப் படிச்சதாலதான் நான் இவ்வளவு வேகமாக் கேக்க முடியுது."

நாம் பார்த்துப் பார்த்துச் செய்த சின்னக் காரியம் எங்கே போய் யாருக்கு உதவுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. தெரியவும் வேண்டியதில்லை. ஆனால் அபூர்வமாக ஒரு நாள் அதை நம் காதிலேயே வைத்துக் கேட்க விடுகிறார் கடவுள். குரலக்கா கேட்டாள். அணில் ஒரு உட்பிரிவை முடித்து, மயிரிழை அளவு மூச்சு விட்டு, அடுத்ததற்குப் பாய்ந்தது. அந்த மூச்சு அவளுடையதுதான். அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. சட்டக்காரிக்கும் தொற்றிக்கொண்டது. வாசலில் நின்ற நிர்வாகி எதற்கென்றே தெரியாமல் சேர்ந்துகொண்டார். காலையிலிருந்து அடைத்துக் கிடந்த பயமெல்லாம் கண்ணீராக வழிந்தது. குரலக்காவால் நிறுத்த முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, விக்கி விக்கி, குனிந்து நிமிர்ந்து சிரித்தாள்.

சட்டக்காரி காதொலிப்பானை இரண்டு காதிலும் இழுத்து மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அவளைத் தள்ளினாள்.

"அக்கா, அந்தப் பக்கம் போங்கக்கா. நீங்க சிரிக்கிற சத்தத்துல நீங்க படிக்கிறது எனக்குக் கேக்கல."